நிழல் பக்கம் போட்ட பைப்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனி ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். ராஸ் அல் கைமா மலை மேலே ஒரு தோட்டக் குழாய். அதன் மூக்கில் முள்ளங்கி மாதிரி பனிக்கட்டி தொங்குகிறது. "செல்லையாண்ணே, இது நெசமா, கம்ப்யூட்டர்ல செஞ்சதா? நீங்க இதுமாரி ஒண்ணுல மாட்டுனீங்களாமே?" என்று கேட்டிருந்தார்கள். நெசம்தான் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு ஒரு வார்த்தையில் நிறுத்தத் தெரியாது. ஒன்பது நிமிடம் பேசி வாய்ஸ் அனுப்பினேன். கேட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக இருக்கிறது, எழுதியே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். எனக்கே இன்னும் குழப்பம் தீராத விஷயம். எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கலாம்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். பத்தாவதில் கணக்கில் கவிழ்ந்து, இருபத்து நாலு வயதில் ஹெல்பர் விசாவில் விமானம் ஏறி, பைப் சுமந்து சுமந்து பிளம்பர் ஆனவன். பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. திட்டுவதற்கு மட்டும் ஆள் இருந்தார்கள். அதிலேயே பாதி தொழில் வந்துவிட்டது. ஷார்ஜா, அஜ்மான், கடைசிப் பதினைந்து வருடம் ராஸ் அல் கைமா.

அந்த நாட்டில் பிளம்பருக்கு ஒரே எதிரிதான், வெயில். புதிதாக வந்தவர்கள் முதல் ஜூன் மாதத்தில் குழம்பிப் போவார்கள். பச்சைத் தண்ணீர் என்று திறந்த குழாயில் கை வெந்துவிடும். மொட்டை மாடி டேங்க் கொதித்துக் கிடக்கும். அதனால் பழகியவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு, அந்த ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீரில்தான் குளிப்பார்கள். ஹீட்டர் ஏசி ரூமுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதில் இருப்பதுதான் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் வேண்டுமானால் பச்சைத் தண்ணீர்க் குழாய், குளிர்ந்த நீர் வேண்டுமானால் வெந்நீர்க் குழாய். இந்தத் தலைகீழ்ப் பாடத்தை முப்பது வருடம் படித்தவன் நான். அதற்கும் ஒரு தலைகீழ் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஃபோர்மேன் ஜெபராஜ் அண்ணாச்சி, நாகர்கோவில்காரர். அவர் வேலையைப் பாஸ் பண்ணுகிற விதத்தை மட்டும் விவரமாகச் சொல்லிவிட வேண்டும். புது வீட்டில் பைப் வேலை முடிந்தால் அன்றைக்கே வர மாட்டார். ஜூலை மாதம் வரைக்கும் காத்திருப்பார். ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு, நாய்கூட வெளியே வராத நேரத்தில் வண்டியில் வந்து இறங்குவார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். குழாயைத் திறந்து, முதல் இரண்டு வாளித் தண்ணீரை ஓடவிடுவார். அப்புறம் மணிக்கட்டின் உள்பக்கத்தை, நாடி பார்க்கிற இடத்தை, தண்ணீரில் காட்டி ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார். பத்து வரைக்கும் கை தாங்கினால் பாஸ். ஏழில் கையை எடுத்துவிட்டாரென்றால், "மக்கா, இதுல முட்டை போட்டா வெந்துரும்டே" என்பார். அவ்வளவுதான் சொல்லுவார். மறுநாள் பைப்பை மாற்றிப் போட வேண்டும்.

அவருடைய வேதம் ஒரே வரி: நிழல் பார்த்துப் பைப் போடு. சுவரின் வடக்குப் பக்கம், வெயில் எட்டிப் பார்க்காத பக்கம். கூடுதலாக நாலு எல்போ, பைப்பைத் திருப்பும் வளைவு மூட்டு, போனாலும் பரவாயில்லை, வடக்காலே சுற்றிக் கொண்டு வா. நாங்களும் அப்படித்தான் போட்டோம். எங்கள் கம்பெனி போட்ட வீட்டில் தண்ணீர் கையைச் சுடாது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பெயரே இருந்தது.

அப்படி நான் பைப் போட்ட வீடுகளில் ஒன்று மலைமேல் இருந்த ஓய்வு வீடு. வீட்டுக்காரரை நாங்கள் அர்பாப் என்போம். அங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவது. குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை மாலை மேலே வந்து ஞாயிறு இறங்கிவிடுவார்கள். தண்ணீர் லாரியில்தான் மேலே ஏற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் டேங்க். அங்கிருந்து ஒரு பம்ப், ஒரு பித்தளை வால்வு, அப்புறம் வடக்குச் சுவரோடு பதினைந்து மீட்டர் முக்கால் இஞ்ச் பைப். வீட்டின் எல்லாக் குழாய்க்கும் அந்த ஒரே பைப்தான். ஜூலையில் அண்ணாச்சி வந்து, பத்தையும் தாண்டிப் பதினைந்து வரை எண்ணிவிட்டு என் முதுகில் தட்டிய வேலை அது.

அந்த வீட்டின் காவலுக்கும் சமையலுக்கும் இருந்தவர் காதர் பாய், அதிராம்பட்டினம். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் ஒரு பஸ் டிக்கெட் தூரம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்தக் குடும்பத்தில் பதினெட்டு வருடம். அர்பாப்பின் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். நான் வேலைக்குப் போனால் மீன் ஆணம், அதாவது குழம்பு, வைத்துப் போடாமல் அனுப்ப மாட்டார். "பசிச்ச வவுறு பைப்ப பாக்காது தம்பி" என்பார். இது பழமொழியா அவரே கட்டியதா என்று கேட்டால், "நல்லாருக்குல்ல, அப்ப பழமொழிதான்" என்று சிரிப்பார்.

நான் விசா முடித்து ஊர் வருவதற்கு இரண்டு வருடம் முந்திய குளிர்காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது: காலையில் தண்ணீர் வரவில்லை. நாங்கள் தங்கியிருந்த கேம்பில் இருந்து எங்கள் வேன் ஆறு இடத்தில் ஆள் இறக்கிவிட்டு மலை ஏறும்போது மணி பதினொன்று. குழாயைத் திறந்தேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காதர் பாய் என் பின்னால் நின்று கைகளைப் பிசைந்தார். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி போய்விடுமே, அந்த முகம். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய எழுந்தபோது ஒரு சொட்டுகூட இல்லை என்று சத்தியம் செய்தார்.

ஏர் லாக் என்று முடிவு கட்டினேன். பைப்பில் காற்று நின்றுவிட்டால் தண்ணீர் நின்று நின்றுதான் வரும்; ஆயிரம் தடவை பார்த்த வியாதி. உயரமான இடத்தில் காற்று போக ஒரு சின்ன வால்வு வைத்தேன். எல்லாக் குழாயையும் கடைசியிலிருந்து வரிசையாகத் திறந்து காற்றை வெளியேற்றினேன். என்ன கோளாறு, என்ன வேலை என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் மறுபடி அதே புகார். மறுபடி பதினொரு மணி. மறுபடி தண்ணீர் பீய்ச்சுகிறது. இந்தத் தடவை பம்பின் பிரஷர் சுவிட்சை மாற்றினேன். மாற்றும்போதே எனக்கு உறுத்தல்தான், பழைய சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. காதர் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் இப்படி இல்லை, சில நாள்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சிரிக்காம கேளுங்க. மேகம் போட்ட ராத்திரின்னா காலைல தண்ணி வருது. வானம் துடைச்ச மாரி தெளிஞ்சிருந்தா வரமாட்டேங்குது."

சிரிக்காமல் எப்படிக் கேட்பது? "ஏன் பாய், தண்ணி பஞ்சாங்கம் பாத்தா வருது?" என்றேன். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நடந்ததற்குச் சரியான பதிலை அந்த மனுஷன் அன்றைக்கே என் கையில் வைத்துவிட்டார். நான் அதைக் கீழே போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

மூன்றாவது புகார் வேறு மாதிரி. அர்பாப்பின் மாமனாரும் சில பெரியவர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள். விடியலில் தொழ எழுந்தால் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. வயசாளிகள் குடிக்கிற பாட்டில் தண்ணீரில் ஒளு செய்யும்படி ஆகிவிட்டது. விருந்தாளிக்குத் தண்ணீர் இல்லை என்றால் அங்கே அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நான் போனபோது அர்பாப்பே குழாய் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மணி பதினொன்று, தண்ணீர் சொன்னபடி கேட்டு வந்துகொண்டிருக்கிறது. அவர் குழாயைப் பார்த்தார், காதர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபக்காரர் இல்லை அவர். அவருக்கும் குழப்பம்தான். நம் ஆட்களிடம் பேசும் இந்தியில் மெதுவாகக் கேட்டார், பைப்பில் கோளாறு உண்டா என்று. எனக்கு என் வேலைமேல் இருந்த நம்பிக்கையில் முந்திக்கொண்டு வாய் வந்தது: "பைப்ல மாஃபி முஷ்கில், அர்பாப்." பைப்பில் ஒரு கோளாறும் இல்லை.

அப்படியானால் கோளாறு எதில்? அதை அவர் கேட்கவில்லை. ஆனால் ஜாப் கார்டு கேட்டது. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள். மூன்றாம் தடவை அலைந்த எரிச்சல் வேறு. வால்வைப் பார்த்தேன். பிடியில் தூசி கலைந்து விரல் அடையாளம் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பெரிய எழுத்தில் எழுதினேன்: மெயின் வால்வை யாரோ கையாண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு அர்பாப்பிடம் ஒரு காப்பி கொடுத்துவிட்டு வேனில் ஏறினேன். மதியம் சாப்பிட்டோமா என்றுகூட நினைவில்லை. அவ்வளவு சாதாரணமாக எழுதினேன்.

நாலாம் நாள் காதர் பாய் போன் பண்ணினார்.

"தம்பி, அந்தக் கார்டுல என்ன எழுதுனீங்க?"

சொன்னேன்.

"அன்னைக்கு காலைல தண்ணி வரலேன்னு, வால்வு தொறந்துதான் இருக்கான்னு நான்தான் தொட்டுப் பாத்தேன். அது என் கை தம்பி."

அதற்கப்புறம் அவர் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன். வீட்டுக்குக் கீழே சரிவில் ஓர் ஆட்டுக்காரர் உண்டு. மீந்த ரொட்டியைக் காதர் பாய் அவருக்குக் கொடுப்பது எல்லாருக்கும் தெரியும். அர்பாப்பின் டிரைவர் இரண்டையும் இரண்டையும் கூட்டி ஐந்தாக்கிவிட்டார்: காதர் பாய் ராத்திரி வீட்டு லைனை அடைத்துவிட்டு டேங்க் தண்ணீரை ஆடுகளுக்கு விடுகிறார், விடிந்து திறக்க மறந்துவிடுகிறார், கேட்டால் தண்ணீர் வரவில்லை என்கிறார். லாரியில் ஏறி வருகிற தண்ணீர். அர்பாப் முதலில் நம்பவில்லையாம். கார்டில் இருந்த வரியைக் காட்டினதும் நம்பிவிட்டாராம். விசா கேன்சல். வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

"போறதப் பத்தி ஒண்ணுமில்ல," என்றார் காதர் பாய். "வயசாச்சு, ஒரு நாள் போகத்தான் வேணும். தண்ணி திருடுனவன்னு போகச் சொல்றாங்களே. நீங்க ஒரு ராத்திரி வந்து தங்கிப் பாருங்க. நான் பொய் சொல்றேனான்னு பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் என் சட்டைப் பையில் பேனாவாக இருந்தது. சனிக்கிழமை டூட்டி முடிந்ததும், கேம்பில் யாரிடமும் சொல்லாமல், டூல் பாக்ஸோடு மலை ஏறினேன். அந்த வாரம் அர்பாப் குடும்பம் வரவில்லை. காதர் பாய் இரண்டு கம்பளி கொடுத்தார், இரண்டும் போதவில்லை. படுக்கப் போகும்முன் வால்வைத் திறந்து வைத்து, பிடியைக் கம்பியால் கட்டி, முடிச்சைப் போனில் படம் எடுத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஐந்தே காலுக்கு எழுப்பினார். குழாயைத் திறந்தேன். ஸ்ஸ் என்று ஒரு மூச்சு, அப்புறம் ஒன்றுமில்லை. ஓடிப்போய்க் கம்பி முடிச்சைப் பார்த்தேன். நான் கட்டியபடியே இருந்தது. டேங்க் முக்கால் வாசி நிறைந்திருந்தது. பம்ப் உறுமுகிறது. டேங்க்குக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, பதினைந்து மீட்டர் தள்ளி இல்லை. நடுவில் நான் போட்ட பைப் மட்டும்தான். என் முப்பது வருடமும் அந்த இருட்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, தெரியலையே செல்லையா என்றது.

அடைப்பு என்று நினைத்து, வடக்குச் சுவரில் ஒரு ஜாயின்ட்டைக் கழற்றினேன். விரல் மரத்துப் போய் ஸ்பேனர் இரண்டு தடவை விழுந்தது. கழற்றினதும் தண்ணீர் வரவில்லை. பைப்பின் வாயில் கண்ணாடி மாதிரி ஏதோ அடைத்திருந்தது. தட்டியதும் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி நழுவி என் கையில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. சிலிக்கான் பசை என்று நினைத்தேன். பைப்புக்குள் பசை எப்படி வரும் என்று டார்ச் அடித்து யோசித்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். கொஞ்ச நேரத்தில் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"தண்ணி எங்கயும் போகல தம்பி," என்றார். "உள்ளேயே ஒறஞ்சு உக்காந்திருக்கு."

வெட்கம் என்னவென்றால், ஜெபல் அலியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வடிகால் பைப் உறையாமல் இருக்க, கரண்டில் சூடாகும் டேப்பை என் கையாலேயே சுற்றியிருக்கிறேன். ஆனால் அது கதவு பூட்டிய ரூமுக்குள். அரபு நாட்டில் வானத்துக்குக் கீழே பைப் உறையும் என்று எந்த மூளை நினைக்கும்? மேகம் கம்பளி மாதிரி, அது மூடாத ராத்திரியில்தான் குளிர் இறங்கும் என்று அப்புறம் ஒரு நேபாளத்து ஆள் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம்.

முதலில் நான் தேடியது கேஸ் டார்ச்சை. பற்ற வைக்கக் கை போய்விட்டது, நல்லவேளை, நின்றுவிட்டேன். அது பிளாஸ்டிக் பைப், நெருப்பு பட்டால் ஒழுகிவிடும். உலோகப் பைப்பானாலும் உள்ளே ஆவி கிளம்பி வெடிக்கும். விருந்தாளிகள் வந்துபோன நாளிலிருந்து காதர் பாய் ராத்திரியே இரண்டு வாளி பிடித்து வைக்கப் பழகியிருந்தார். அதைக் கெட்டிலில் காய்ச்சி, துண்டை நனைத்துச் சுற்றிச் சுற்றிச் சூடு கொடுத்தோம். கொதிக்கக் கொதிக்க இல்லை, கை தாங்கும் சூடு. பம்பை நிறுத்திவிட்டு, வீட்டுக் குழாயைத் திறந்து வைத்து, அந்தக் கடைசியிலிருந்து டேங்கை நோக்கிப் பின்னால் வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் உருகின தண்ணீர் இரண்டு பனிக்கட்டிக்கு நடுவே மாட்டிக்கொண்டு பைப்பைப் பிளக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்து செய்யவில்லை. இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவதில் வழி வந்தது. ஏழரைக்குக் குழாய் இருமியது, துப்பியது, அப்புறம் ஓடியது. அதே நேரம் பித்தளை வால்வில் ஒரு மயிரிழை விரிசல் வழியாக என் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. உறைந்தால் தண்ணீர் விரியும். அந்த விரிவைப் பித்தளை தாங்கவில்லை.

ஒரு துண்டுப் பனிக்கட்டியைச் சாட்சிக்கு வேண்டுமென்று ஃப்ரீசரில் வைத்திருந்தேன். காதர் பாய் அதைப் பார்த்துவிட்டு, "ஃப்ரீசர்லேருந்து ஐஸ எடுத்துக் காட்டுனா யாரு தம்பி நம்புவா?" என்றார். எனக்கு அதுவும் தோன்றவில்லை. நல்லவேளையாக ஜாயின்ட்டைக் கழற்றும்போது அவர் தன் போனில் வீடியோ எடுத்திருந்தார்.

எட்டு மணிக்கு ஜெபராஜ் அண்ணாச்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"வடக்கு பக்கம்," என்றார். "நாமதான் போட்டது."

"நாமதான் அண்ணாச்சி."

அப்புறம் நல்ல முறையில்தான் சொன்னார். வால்வில் விரிசல் இருக்கிறதல்லவா, வால்வு பழுது, மாற்றியாச்சு என்று எழுது. காதர் பாய் தப்பித்துவிடுவார், நாமும் தப்பித்துவிடுவோம். "ஐஸுன்னு எழுதுனா ஆபீஸ்ல சிரிப்பானுவ. இந்த ஊர்ல நாம போட்ட அம்புட்டு வீட்டையும் தோண்டிப் பாக்கச் சொல்லுவான். எதுக்குடே மக்கா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என் குழப்பத்துக்குக் காரணம். வால்வு பழுது என்பது பொய்யும் இல்லை. நான் சரி என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது: புது வால்வு போட்டாலும், அடுத்து வானம் தெளிந்த ராத்திரியில் தண்ணீர் நிற்கும். மறுநாள் காலையில் மறுபடி யார் முகத்தைப் பார்ப்பார்கள்? அதைச் சொன்னேன். அண்ணாச்சி, "ஒனக்கு எது சரின்னு படுதோ அத எழுது. எம்பேரையும் சேத்து எழுது. நிழல் பாத்துப் போடச் சொன்னது நான்லா," என்று போனை வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு அர்பாப்பும் டிரைவரும் வந்தார்கள். வியாழக்கிழமை போகிறவரிடம் சாவிக் கணக்கு வாங்க வந்தது அது. வீடியோவைக் காட்டினேன். விரிசல் விட்ட வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். பாதி இந்தி, பாதி அரபி, மீதி கையாலும் முகத்தாலும் விளக்கினேன். டிரைவர்தான் முதலில் தலை குனிந்தார். விருந்தாளிகள் தங்கிய அன்று காலையில் கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, தூசி என்று துடைத்துவிட்டேன் என்றார். துடைக்கும்போது விறைத்துப் போன கையை அவர் இப்போது பார்த்துக்கொண்டார்.

அர்பாப் சட்டைப் பையிலிருந்து என் பழைய கார்டை எடுத்து விரித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை நீ கண்ணால் பார்த்தாயா?"

"இல்லை அர்பாப்."

"பின்னே?"

எனக்கு இந்தியில் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. தமிழிலும் கிடைத்திருக்காது. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன் என்று எந்த மொழியில் சொல்லுவது? தப்பு என்னுடையது, பைப்பை அந்தப் பக்கம் போட்டதும் நான்தான் என்று மட்டும் சொன்னேன். அவர் கார்டை மடித்தார். காதர் பாயிடம் போய், அரபியில் நீளமாக, தாழ்ந்த குரலில் பேசினார். இரு, போகாதே என்பது எனக்கும் விளங்கியது. காதர் பாய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். சம்மதம் என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது.

சம்மதம் இல்லை அது. டிக்கெட் இருக்கிறது, போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே புது வால்வைப் போட்டேன், நடந்ததை நடந்தபடி புது ஜாப் கார்டும் எழுதினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஆளோடு வந்து பைப்பைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். காலை வெயில் முதலில் விழுகிற பக்கம். பைப் முழுக்கக் கறுப்பு ஃபோம் சுற்றி, வால்வுக்கு ஒரு பெட்டி கட்டி, ஆள் இல்லாத வாரத்தில் லைனைக் காலி செய்யக் கடைசித் தாழ்வில் ஒரு வடிகால் குழாயும் வைத்தேன். வானம் தெளிந்த குளிர் ராத்திரியில் ஒரு குழாயை நூல் மாதிரி ஒழுக விட வேண்டும். ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. ஒழுகுகிற குழாயை நிறுத்தியே சோறு தின்ற நான், ஒழுக விடுங்கள் என்று என் வாயால் அர்பாப்பிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். ஒழுகுவது வாளியில் விழட்டும், காலையில் அதை அந்த ஆடுகளுக்கு ஊற்றுங்கள் என்று அவரே டிரைவரிடம் சொன்னார். அடுத்த ஜூலையில் அண்ணாச்சி வந்து மணிக்கட்டை நீட்டினார். எட்டில் கையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் பாஸ் போட்டார்.

அந்த இரண்டு நாளும் காதர் பாய் எனக்கு ஏணி பிடித்தார், ஆணம் வைத்துப் போட்டார். புதன் மாலை, வேன் வருமுன், கேட்டேவிட்டேன். அவரே இருக்கச் சொல்லிவிட்டாரே, அப்புறம் ஏன் பாய்?

"அவரு நல்லவருதான் தம்பி. நீங்களும் நல்லவருதான். பதினெட்டு வருசமா நான் பேசுன பேச்சு, நீங்க எழுதுன ஒரு வரி முன்னால நிக்கலியே. இனிமே நான் என்ன சொன்னாலும், அவரு ஒரு தரம் என் மூஞ்சியப் பாப்பாரு. அந்தப் பார்வைல எப்படி இருக்கறது?"

தப்பு செய்யாதவர் என்று நான் எழுதிக் கொடுத்தும் அவர் போனார். தப்பு செய்தவன் நான், இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். என் கடனைத் தீர்த்தேனா, தீர்த்ததாக நினைத்துக்கொண்டேனா, எனக்கு விளங்கவில்லை.

காதர் பாய் புது ஜாப் கார்டின் காப்பியைக் கேட்டு வாங்கினார். ஊரில் யார் இதைக் கேட்கப் போகிறார்கள் என்றேன். "யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு வேற சர்ட்டிபிகேட்டு என்ன இருக்கு?" என்று பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். வைத்தவர் திரும்ப எடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தமிழில் சொல்லுங்கள் என்றார்.

வேன் ஹார்ன் அடித்தது. நான் படித்தேன்: பைப்புக்குள் தண்ணீர் உறைந்தது. பைப்பை நிழல் பக்கம் போட்டது எங்கள் தப்பு. வால்வை யாரும் மூடவில்லை. காவல்காரர் முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொன்னார்.

"இன்னொரு தடவ," என்றார்.

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.